அரை ஸ்பூன் சக்கர

வாய மூடிகினு உக்காரணும், அதுக்கு ஒத்துகினாத்தான் கூட்டிகினு போவேன்னு எம்பொண்ணு நிரோஷா படிச்சி படிச்சி சொல்லித்தான் இட்டுகினு வந்தா, நானும் சரி சரின்னு தலையாட்டிட்டேன், ஆனா வாய மூடிகினு உக்கார்றது எப்டின்னு எனக்கு யாரும் கத்துத்தரல, அஞ்சாங்கிளாஸ் டீச்சரு கத்துத்தரப் பாத்துச்சி, அதுக்குள்ள நான் ஸ்கூல வுட்டே நின்னுட்டேன். இன்னா எடம் இது, சொவுரெல்லாம் கருப்பு பெயின்ட்டு, கூரை கருப்பு, தரை கருப்பு, காலம்பூரா வெறகடுப்பு எரிஞ்ச ரூமு மாரி, இதுல ஏசி வேற, என் கைய நானே மோந்து பாத்துக்கறேன், எலுமிச்சங்கா தேய்ச்சி சீயக்கா தேய்ச்சி அதுக்கு மேல நிரோஷா சென்ட்டும் அடிச்சி வுட்டா, அப்பவும் அடியில மீன் இருக்குது, காலைல மார்க்கெட்ல வெட்டுன வஞ்சிரம் ஏசில குளுகுளுன்னு என் வெரலுக்குள்ள படுத்துகினு இருக்குது. பக்கத்துல லூர்தக்கா. எங்க பக்கத்து வூடு. ராயபுரத்துல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வர்றதுக்கு கல்யாணத்துக்கு கட்டற பட்டுப்பொடவைய கட்டிகினு வந்துருக்குது, மடில முறுக்கு பொட்டலம். "சுலோ, இன்டர்வெல் எப்போடி?"ன்னு கேக்குது. "இது சினிமா இல்லக்கா, மூணு குட்டி நாடகம், முறுக்கு கடிச்சா சத்தம் ஸ்டேஜ் வரைக்கும் கேக்கும், ஊறப்போட்டு தின்னு"ன்னேன். முன்னாடி உக்காந்திருந்த கண்ணாடிக்காரப் பொண்ணு திரும்பிப் பாத்து சிரிச்சிச்சி. இத்த நான் கூட்டிகினு வந்துருக்கக் கூடாது. லூர்தக்காவ சொல்றேன். நம்ப புள்ள நாடகம் ஆடுது, நான் வராம எப்டின்னு அதுவே கெளம்பி நின்னுச்சி, வாணாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் கெடைக்கல, எல்லாத்துக்கும் வாயில வார்த்த ரெடியா வெச்சிருக்கறவளுக்கு அப்ப ஒண்ணும் வரல. நிரோஷா நாடகம் கடைசி. அதுல அவ அந்த ஒரு விஷயத்த மட்டும் சொல்லிடக் கூடாது. லூர்தக்காவ பக்கத்துல வெச்சிகினு நான் அத்த கேக்கக் கூடாது.

மொத நாடகம் முடிஞ்சி கை தட்றாங்க, நானும் தட்றேன். ஒரு லிஃப்டு, அதுக்குள்ள ஒரு அப்பார்ட்மென்ட்ல குடியிருக்கற ஆபீசரு, ஒரு சாப்பாடு கொண்டாற பையன், கரன்ட்டு பூட்டுச்சி, ரெண்டு பேரும் மாட்டிகினாங்க. லிஃப்டே கெடையாது, தரைல சாக்பீசுல கட்டம் போட்டு வெச்சிருந்தாங்க, அவ்ளோதான், ஆனா அந்த ஆபீசரு வேர்த்து வேர்த்து ஊத்துனாரு பாரு, எனக்கே மூச்சு முட்டிச்சி, இத்தினிக்கும் ஏசில உக்காந்திருக்கேன். கடைசில பசி தாங்காம யாருக்கோ கொண்டு போற பிரியாணிய ரெண்டு பேரும் பிரிக்கறாங்க, வாயில வெக்கப் போறாங்க, கரன்ட்டு வந்துடுது, லைட்டு அணைஞ்சிடுது, நாடகம் ஓவர். அடப்பாவிங்களா, தின்னாங்களா இல்லியா? அப்பறம் அந்த ஆபீசரு வெளிய வந்து இவன தெரிஞ்ச மாரி காட்டிகினாரா, இல்ல லிஃப்ட்ட வுட்டு எறங்குனதும் மறுபடி ஆபீசரு ஆயிட்டாரா? சொல்ல மாட்டாங்களாம். அதான் குட்டி நாடகமாம். நிரோஷா வூட்டுலயே சொன்னா, "அம்மா, நீ கிளம்பறப்ப கதைய கொஞ்சம் கையில எடுத்துகினு போவணும், அதுக்குத்தான் பாதில வுடுவோம்"னு. எனக்கு புரிஞ்சிச்சி, மீனு மாரிதான், தலையையும் வாலையும் தள்ளிட்டு நடுத்துண்டு மட்டும் பொட்டலம் கட்டிக் குடுக்கறாங்க. ஆனா தலைலதானடி ருசின்னு அவகிட்ட சொன்னேன். "தல உன்கிட்டயே இருக்கும்மா"ன்னா. என் வாயி அவளுக்கு அப்டியே வந்துருக்குது, அவங்கப்பா வாயி வந்துருந்தா பேச்சே இருந்திருக்காது. ஏகாம்பரம் வாயி. பஸ்ஸுல நாள்பூரா டிக்கெட்டு டிக்கெட்டு, உள்ள போ உள்ள போ, படில நிக்காதன்னு கத்திட்டு வூட்டுக்கு வந்தா வாயில சில்லற கூட மிச்சம் இருக்காது மனுஷனுக்கு. கல்யாணம் ஆன புதுசுல நான் கேப்பேன், கொழம்பு எப்டி இருக்குதுன்னு, அவரு தட்டையே பாத்துகினு இருப்பாரு, சரி இந்த ஆளு சொல்ல மாட்டான்னு நானே அவரு மாரி மூக்கால குரல எறக்கி, "ம், தேவலடி, உப்புதான் கொஞ்சம் ஓவரு"ன்னு சொல்லுவேன், அவரு சிரிச்சிடுவாரு. சிரிச்சாருன்னா சரின்னுதான அர்த்தம். அப்டியே பழகிபோச்சி. கேக்கறதும் நான், பதிலும் நான். தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க, சுலோச்சனா வூட்டுல ரெண்டு பேரு சண்ட போட்டா அவ ஒருத்தி தொண்டதான் கட்டும்னு.

ரெண்டாவது நாடகம். ஒரே ஆளு. வயசு ஒரு நாப்பது இருக்கும், லுங்கி, பனியனு, வூட்ட பூட்டிட்டு வெளிய போவணும், சாவி காணோம். "சாவிய எங்கடி வெச்ச?"ன்னு உள் ரூமப் பாத்து கேக்கறாரு. உள்ள யாரும் பதில் சொல்லல. அங்க தேடறாரு, இங்க தேடறாரு, பாய ஒதறுறாரு, நடுநடுவுல அந்தம்மாகிட்ட பேசிகினே இருக்காரு, நீ எப்பவும் இப்டித்தான், எத்த எங்க வெச்சேன்னு உனக்கே தெரியாதுன்னு. சாவியோ மேசை மேலயே கெடக்குது, லைட்டுல பளபளன்னு, பின்னாடி வரிசைல இருக்கற எனக்கே தெரியுது, அந்த ஆளு கண்ணுக்கு தெரியல. மூணு வாட்டி மேசையத் தாண்டிப் போனாரு. "எங்கடி வெச்ச, சொல்லித் தொலையேன்"னு மறுபடி கேட்டாரு பாரு, என் வாயி கேக்குமா, "யோவ், மேசை மேல பாருய்யா!"ன்னுட்டேன். சத்தமா. மார்க்கெட்டு சத்தம். மொத்த ஜனமும் சிரிச்சிச்சி. லூர்தக்கா என் தொடைல கிள்ளுது, அதுவும் சிரிச்சிகினே. அந்த ஆளு மட்டும் சிரிக்கல. நின்னாரு. என் பக்கமா திரும்புனாரு, மேசையப் பாக்காமலே, மெதுவா, "தெரியும்மா"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. சிரிப்பு எல்லாம் அப்டியே அமுங்கிபோச்சி. மறுபடி பாய ஒதற ஆரம்பிச்சாரு. எனக்கு முதுவுல ஏசி எறங்குது. உள் ரூமுல அந்தம்மா இல்ல. இவர வுட்டுட்டு போயிடுச்சி, இல்ல செத்துபோச்சி, எது ஒண்ணோ, இந்த ஆளு சாவி கெடச்சிட்டா வூட்ட பூட்டணும், பூட்டுனா உள்ள யாரும் இல்லன்னு ஆயிடும், அதான் கண்ணு முன்னாடி கெடக்கறத தேடிகினே இருக்காரு. இத்த அவரு ஒரு வார்த்த சொல்லல. நான்தான் சொல்லிக்கறேன். இன்னா தில்லுமுல்லு பாரு, பேசறவரு ஒருத்தரு, ஆனா நாடகம் பேசாதவங்களப் பத்தி. இவரு பேசப்பேச அந்தம்மா எனக்கு தெரியுது, குள்ளமா இருந்துருக்கும், சாவிய ஜாக்கெட்டுல சொருவிக்கும், இவர பேர் சொல்லி கூப்புடாது, ஏங்கன்னு கூட கூப்புடாது, சும்மா டம்ளர டக்குனு வெக்கும். யாரும் சொல்லல இதெல்லாம். ஆள் இல்லாத எடத்த அப்டியே வெச்சிட்டு அத சுத்தி பேசுனா ஆளு வந்து உக்காந்துடுது. லைட்டு அணைஞ்சிச்சி. கைத்தட்டறதுக்குள்ள லூர்தக்கா காதுல, "பாவம்டி, சாவி கெடைக்கவே இல்லியே"ன்னுச்சி. "கெடைக்கலக்கா"ன்னேன்.

இருட்டுல கட்டில தூக்கிகினு வர்ற சத்தம். இரும்புக் கட்டிலு. அதுவும் ஒரு கால் கொஞ்சம் ஆடற கட்டிலு, தரைல வெக்கறப்ப டக்குன்னு ஒரு தட்டு எக்ஸ்ட்ரா, எங்க வூட்டுக் கட்டிலும் அப்டித்தான், எங்க புடிச்சா இத்த. போன வாரம் வூட்டுல இருந்து அவரு டம்ளர எடுத்துகினு போனா, எங்க கல்யாணத்துக்கு வெச்ச சீர்ல வந்தது, ஏகாம்பரம்னு பேரு அடிச்சது, "எதுக்குடி?"ன்னா, "நாடகத்துக்கும்மா"ன்னா, அதுக்கு மேல நான் கேக்கல, அவளும் சொல்லல. எல்லாம் பேசுவோம் நானும் அவளும், ஊர்க்கத, உலகக்கத, அவ கூட நடிக்கற பசங்க கத, அது ஒண்ண தவுர. அது ஒண்ணு வர்ற மாரி இருந்தா நான் ஒரு ஜோக் அடிச்சிடுவேன், அவ சிரிச்சிடுவா, தாண்டிப் பூடுவோம், பள்ளத்த தாண்டற மாரி. அவருக்கு டூட்டி முடிஞ்சி வந்து சட்ட பட்டன கழட்டிகினு இருந்தப்பதான் வந்துச்சி, மூணாவது பட்டன்ல கை நின்னுபோச்சி, வாயி ஒரு பக்கமா இழுத்துகிச்சி. பொழச்சாரு. பேச்சு வரல. கையி கால் வரல. ஆஸ்பத்திரில நர்சம்மா சொல்லிச்சி, அவருக்கு எல்லாம் காதுல வுழும்மா, பேசிகினே இருங்கன்னு. என்கிட்ட போயி அத்த சொல்லணுமா. பேசுனேன். காலைல மார்க்கெட்டு, மத்தியானத்துல இருந்து அவரு. கேள்வியும் நானே பதிலும் நானே, முன்ன மாரியேதான், ஒண்ணும் மாறல, பேச்சு நின்னு போனது அவருக்கு, எங்க வூட்டுக்கு இல்ல. கண்ணு ஓரம் சுருங்கும். அதான் சிரிப்புன்னு வெச்சிகினேன். சிரிப்புதானா அது? வெளிச்சம் கூசி சுருங்குனதா? இல்ல, இந்தப் பொம்பள கொஞ்ச நேரம் வாய மூட மாட்டாளான்னா? அவரு நெசமா இன்னா பதில் சொல்லியிருப்பாருன்னு எனக்கு எப்டி தெரியும், இத்தினி வருஷத்துல நான் கேட்டதே இல்லியே, கேட்டுட்டு நானேதான சொல்லிகினேன், கொழம்புல உப்பு ஓவருன்னு சொன்னது கூட நான்தான், ஒருவேள அவருக்கு உப்பு கம்மியா இருந்துச்சோ இன்னாவோ.

அன்னிக்கி சாயங்காலம். ஸ்கூலு வுட்ட பசங்க தெருவுல கத்திகினு ஓடுனாங்க, நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுகினு டீ போட்டுகினு இருந்தேன், அவரு என் முதுவுக்குப் பின்னாடி கட்டில்ல. ஒரே ரூமு, திரும்புனா மூஞ்சி, திரும்பல. பேசிகினே போடறேன். மீனு வெலைய பத்தி, எவளோ ஒருத்தி சங்கராவ கெழங்கா மீனுன்னு நெனச்சி பேரம் பேசுனத பத்தி, அவரு குரல்ல நானே, "நீ ஏமாத்தியிருப்ப"ன்னு சொல்லிகினேன், நானே சண்டைக்குப் போனேன். அப்பால கேட்டேன், "சக்கர போடவா வாணாமா?" டாக்டரு கூடவே கூடாதுன்னுட்டாரு, சுகரு. தெனம் கேப்பேன், தெனம் ஒரே பதிலு. மூக்கால குரல எறக்கி சொன்னேன், "அரை ஸ்பூன் போடுடி, செத்தா பூடுவேன்?" வாசல்ல சிரிப்பு சத்தம். நிரோஷா, ஒரு கையில செருப்ப வெச்சிகினு, கதவுல சாஞ்சிகினு சிரிக்கறா. எனக்கு இன்னும் ஜோராயிடுச்சி. அவ உள்ள வந்தா. கட்டிலப் பாத்தா. சிரிப்பு அப்டியே மூஞ்சில நின்னுகினு இருக்கு, கண்ணு மட்டும் மாறுது, "அம்மா, அப்பாவப் பாரும்மா." பாத்தேன். நெத்திய தொட்டேன். ஜில்லுன்னு, ஐஸ்ல இருந்து எடுத்த மாரி, எனக்குத் தெரியாத ஜில்லா அது, எத்தினி நேரமா ஜில்லுன்னா எவ்ளோ ஜில்லுன்னு என் கைக்குத் தெரியும், அதான் என் பொழப்பே. நான் டீ போட ஆரம்பிச்சதுக்கு முன்னாடியே அவரு பூட்டாரு. மீனு வெலைய, சங்கராவ, சக்கரைய, எல்லாம் நான் யாருகிட்ட பேசுனேன். யாரு எனக்கு பதில் சொன்னாங்க. நான் கத்துன சத்தத்துல லூர்தக்கா ஓடியாந்துச்சி. என் வாயில வந்தது, "இப்பதான்க்கா பேசிகினு இருந்தாரு, இப்பதான் பேசிகினு இருந்தாரு." "பேசுனாரா? ஏகாம்பரம் பேசுனாரா? இன்னாடி சொன்னாரு?" வாய மூடிகினு இருக்கத் தெரிஞ்சிருந்தா அப்ப மூடியிருப்பேன். "டீ கேட்டாரு"ன்னேன். அவ்ளோதான், போச்சி. லூர்தக்கா மாதாவேன்னு நெஞ்சில கைய வெச்சிச்சி, அது அந்த மாசம் மொத வெள்ளிக்கெழமதான் அவருக்குப் பேச்சு வரணும்னு மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துச்சாம், தெருபூரா சொல்லிச்சி, அத்தினி நாளா பேசாத மனுஷன் சாவறதுக்கு முன்னாடி வாயத் தொறந்து பொண்டாட்டிகிட்ட டீ கேட்டுட்டு செத்தாருன்னு. ஜனம் வந்து கால தொட்டு கும்புட்டு அழுதுச்சி. திருத்தணில இருந்து அவரு தம்பி வந்தாரு, ரெண்டு பேருக்கும் ரொம்ப நாளா பேச்சு இல்ல, "உங்ககிட்டயாவது ஒரு வார்த்த பேசிட்டுப் போனாரே அண்ணி, நான் குடுத்து வெக்கல"ன்னு தூணு மாரி இருக்கற ஆளு சுருண்டு உக்காந்து அழுதாரு. நான் எப்டி சொல்லுவேன். நிரோஷா என்ன ஒரு வாட்டி பாத்தா. தல குனிஞ்சிகினா. அன்னில இருந்து இன்னிக்கி வரைக்கும் அவ அத்த தொடவே இல்ல.

லைட்டு வருது. மஞ்ச லைட்டு. கட்டிலு. கட்டிலு மேல ஒண்ணும் இல்ல, தலகாணி கூட இல்ல, வெறும் இரும்புப் பட்டி. அதுக்கு முதுவக் காட்டிகினு நிரோஷா நிக்கறா, என் பொடவைய கட்டிகினு, ஊதா கலரு, முந்தானிய நான் சொருவற மாரியே இடுப்புல சொருவிகினு, முன்னாடி ஒரு ஸ்டவ்வு, நெருப்பு இல்ல, கையில அவரு டம்ளரு. "சொல்லிட்டேன் பாத்துக்கோ, இன்னிக்கி மார்க்கெட்ல ஒருத்தி வந்தா..."ன்னு ஆரம்பிக்கறா. ஜனம் சிரிக்குது. நான் அப்டியா பேசுவேன்? லூர்தக்கா என் மேலயே சாஞ்சி, "அச்சு நீதான்டி, இடுப்புல கைய வெக்கறத பாரேன்"னு குலுங்குது. கேக்கறதும் அவளே, குரல எறக்கி அவரு மாரி பதில் சொல்றதும் அவளே, நான் பண்ணதேதான், பாவி, எங்க நின்னு எத்தினி நாளா கேட்டிருக்கா. ஆனா அவரு குரலு. அது நான் பண்ற குரலு இல்ல. நான் மூக்கால பண்ணுவேன், சிரிப்பு வர்றதுக்கு கொஞ்சம் தூக்குவேன். இவ தூக்கல. பாதி சொல்லிட்டு மீதிய முழுங்கற மாரி, அதான், அப்டித்தான் அவரு பேசுவாரு, பேசுனா அப்டித்தான். ஸ்டேஜ்ல இவ ஏதோ எட்டி எடுக்கறா, கால் இடறுது, உடனே அந்த குரல்ல, "பாத்து எறங்கும்மா, பாத்து." எனக்கு தூக்கி வாரிப் போடுது. இத்த நான் ஒரு நாளும் சொன்னதில்ல. பஸ்ஸுல வயசானவங்க எறங்குனா சொல்லுவாரு. இவ சின்னதுல கட்டில்ல ஏறி குதிக்கறப்ப இவகிட்டயும் சொல்லியிருக்கணும், நான் மார்க்கெட்ல இருந்துருப்பேன். இவகிட்ட பேசியிருக்காரு. நான் இல்லாதப்ப அந்த வூட்டுல அவரு பேசியிருக்காரு. எனக்கு வயிறு எரியுது, சந்தோஷமாவும் இருக்குது, ரெண்டும் ஒண்ணா வந்தா எந்தப் பக்கம் அழறதுன்னு தெரியல. என்கிட்ட இல்லாத ஏகாம்பரம் கொஞ்சம் இவகிட்ட இருக்காரு. இன்னும் சொல்லுடி. சங்கராவ சொல்லிட்டா. நீ ஏமாத்தியிருப்பன்னு சொல்லிட்டா. ஜனம் வயித்தப் புடிச்சிகினு சிரிக்குது. இதுக்கு அப்பால இன்னான்னு எனக்குத் தெரியும், வாணாம் நிரோஷா, லூர்தக்கா இங்க இருக்குது, அது மெழுகுவத்திய நெனச்சிப் பாரு, உங்க சித்தப்பா அழுதத நெனச்சிப் பாரு, அந்த ஜோக்க அடிக்காத, அத்த கேட்டு இவங்க எல்லாம் சிரிச்சாங்கன்னா நான் இந்த நாற்காலியோட பூமிக்குள்ள பூடுவேன்.

ஸ்பூன கையில எடுக்கறா. கட்டிலு அவ முதுவுக்குப் பின்னாடி. "சக்கர போடவா, வாணாமா?"

பதில் இல்ல. அவ குரல எறக்கல. நிக்கறா. ஸ்பூனு அப்டியே தூக்குனபடி நிக்குது. ஜனம் சிரிக்க ரெடியா வாய தொறந்து வெச்சிகினு காத்துகினு இருக்குது, பழக்கப்படுத்தி வெச்சிருக்காளே இத்தினி நேரமா, கேள்வி வந்தா பதில் வரும்னு. வரல. "சக்கர போடவா, வாணாமா?" மறுபடி கேக்கறா, அதே மாரி, திரும்பாம. லூர்தக்கா என் கைய இடிக்குது, காதுல, "சொல்லேன்டி, எல்லாத்துக்கும் சொல்லுவியே, மறந்துட்டா போல புள்ள"ங்குது. கண்ணாடிக்காரப் பொண்ணு என்ன திரும்பிப் பாக்குது, நான் ஏதாவது சொல்லுவேன்னு அதுக்கும் ஆச. சாவிக்கார ஆளு ஓரமா நின்னுகினு பாக்கறாரு. பதிலு என் தொண்டைல வந்து நிக்குது, படில தொங்கிகினு நிக்குது, ஒரு பிரேக் போட்டா போதும், குதிச்சிடும். அவரு குரல்ல, அரை ஸ்பூன் போடுடி, அவ்ளோதான், நான் சொல்லிட்டா எல்லாரும் சிரிப்பாங்க, லூர்தக்கா கை தட்டும், நிரோஷா சக்கரைய போட்டு கலக்குவா, அவரு கட்டில்ல படுத்துகினு இருப்பாரு, டீ கேட்டவராவே இருப்பாரு. நான் சொல்லலன்னா. சொல்லலன்னா அந்தக் கட்டில்ல யாரும் இல்ல. பல்ல கடிச்சிக்கறேன். ஏசி சத்தம் கேக்குது. எங்கியோ கீழ ரோட்டுல ஆரனு. லூர்தக்கா மடில பொட்டலம் சரசரங்குது, அப்பறம் அதுவும் இல்ல. இத்தினி பேரு இருக்கற ரூமுல இவ்ளோ அமைதியா. இதுதான் அது. அன்னிக்கி என் முதுவுக்குப் பின்னாடி இது இருந்துருக்குது. நான் மீனு வெலைய பேசிகினு இருந்தப்ப, சங்கராவ பேசிகினு இருந்தப்ப, இது ரூமுக்குள்ள வந்து அவரு பக்கத்துல உக்காந்துகினு இருந்துருக்குது, நான்தான் அது மேல பேசிகினே இருந்துட்டேன், அதுக்கு ஒரு எடமே குடுக்காம. இப்ப குடுத்துருக்கா. எம்புள்ள எனக்கு அத்த திரும்ப எடுத்துகினு வந்து வெச்சிருக்கா. கேளும்மான்னு. கேக்கறேன். அவரு ஒண்ணும் சொல்லல. நல்லா காத குடுத்து கேக்கறேன், ஏகாம்பரம், இன்னா சொல்ற, சொல்லு, நான் குறுக்க பேசல. ஒண்ணும் சொல்லல. நிரோஷா ஸ்பூன மெதுவா டம்ளர் மேல வெக்கறா. திரும்பவே இல்ல. லைட்டு கொறையுது, மொதல்ல கட்டிலு பூடுது, அப்பால அவ முதுவு, கடைசில அந்த டம்ளரு மட்டும் கொஞ்ச நேரம் மினுக்குது.

கைத்தட்டறாங்க, எழுந்து நின்னு தட்டறாங்க, நான் உக்காந்துகினு இருக்கேன், மூஞ்செல்லாம் தண்ணி, தொடைக்கக் கூட இல்ல. அவரு செத்தப்ப நான் அழுதேன், நல்லாத்தான் அழுதேன், ஆனா வர்றவங்க போறவங்ககிட்ட டீ கேட்டாரு டீ கேட்டாருன்னு சொல்லிகினே அழுதேன், அது எந்த அழுகையில சேத்தி. வெளிய வராண்டால டீ குடுக்கறாங்க, பெரிய ஃபிளாஸ்கு, பேப்பர் கப்பு, சக்கர தனியா ஒரு கிண்ணத்துல. நிரோஷா இன்னும் என் பொடவையோடவே வர்றா, யார் யாரோ கை குடுக்கறாங்க அவளுக்கு, கண்ணாடிக்காரப் பொண்ணு கட்டிப் புடிச்சிக்குது, அவ எல்லாரையும் தாண்டி என்னத்தான் பாத்துகினு வர்றா, பயந்துபோன மூஞ்சி, சின்னதுல கண்ணாடி டம்ளர போட்டு ஒடைச்சிட்டு வருவாளே, அந்த மூஞ்சி. அதுக்குள்ள லூர்தக்கா அவ கன்னத்த புடிச்சி நெட்டி முறிச்சிடுச்சி. "எல்லாம் நல்லா இருந்துச்சி கண்ணு, ஆனா முக்கியமானத வுட்டுட்டியே, அப்பா கடைசில பேசுனத வெக்கலியே, டீ கேட்டாரே, மாதா புண்ணியத்துல வாயத் தொறந்து கேட்டாரே, அத்த வெச்சிருந்தா ஜனம் இன்னும் உருகியிருக்கும்ல?" நிரோஷா என்னப் பாத்தா. அன்னிக்கி பாத்த அதே பார்வ. வாயத் தொறக்கல, நான் செத்தாலும் தொறக்க மாட்டா, அது எனக்குத் தெரியும், அவங்கப்பா வாயும் கொஞ்சம் வந்துதான் இருக்குது அவளுக்கு. எனக்கு ஒரு ஜோக் வந்துச்சி. நல்ல ஜோக். முழுங்கிட்டேன்.

"அவரு பேசலக்கா"ன்னேன்.

"இன்னாடி?"

"அவரு ஒண்ணும் கேக்கல. அவரு அப்பவே பூட்டாரு. நான்தான் பேசிகினு இருந்தேன்."

லூர்தக்கா என் மூஞ்சிய பாக்குது, இது சுலோச்சனா, இப்ப சிரிப்பா, தமாஷுன்னு சொல்லுவான்னு காத்துகினு இருக்குது. நான் சிரிக்கல. அது கையி நெஞ்சுல இருந்த செலுவைய புடிச்சிகிச்சி. வராண்டா ஓரத்துல போயி நின்னுகினு ரோட்டப் பாத்துச்சி, பட்டுப்பொடவ முந்தானில மூக்க தொடச்சிகிச்சி, முறுக்கு பொட்டலத்த பிரிக்கவே இல்ல. பஸ்ஸுல என் பக்கத்துல உக்காருமா, வேற சீட்டு பாக்குமா, தெரியல. திருத்தணிக்கு ஒரு போன் போடணும். அத்த எப்டி ஆரம்பிக்கறதுன்னும் தெரியல. நிரோஷா ஒரு கப்புல டீ புடிச்சி எடுத்துகினு வந்து என் முன்னாடி நின்னா. அவருக்கு சுகருன்னு டாக்டரு சொன்ன நாள்ல இருந்து நானும் சக்கர இல்லாமதான் குடிக்கறேன், அவருக்கு இல்லாதது எனக்கு எதுக்குன்னு, அவரு பூட்ட பின்னாடியும் அப்டியேதான், யாரும் கேக்கல, நானும் சொல்லல. இவ கேக்கறா.

"அம்மா, சக்கர போடவா?"

கேட்டுட்டு நிக்கறா. அவசரமே இல்ல, பதில் வர்ற வரைக்கும் நிப்பா.

"அரை ஸ்பூன் போடு"ன்னேன். அதோட நிறுத்திகினேன்.